நாற்பத்தொன்றாம் மரத்தின் வேர்

மகளைப் புதைத்த நாளிலிருந்து சிசாலா மரம் ஏறவில்லை. எட்டு மாதம். அந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளை எட்டு மாதம் மரம் ஏறாமல் இருந்தால் ஒன்று காலொடிந்திருக்க வேண்டும், அல்லது கிழடு தட்டியிருக்க வேண்டும். சிசாலாவுக்கு இரண்டும் இல்லை. வயது ஐம்பத்து மூன்று. இடது கைக்காரர். கோடரியை இடுப்பில் செருகிக்கொண்டு, கால் வைக்கக் கொப்பே இல்லாத மரத்திலும் ஓணான் மாதிரி ஏறி, உச்சிக் கிளையைக் கழித்துவிட்டு இறங்குவார் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கியவர்.

அங்கே மரத்தைத் தூரோடு வெட்டும் வழக்கமில்லை. ஆண்கள் ஏறிக் கிளைகளை மட்டும் கழிப்பார்கள். பெண்கள் அந்தக் கிளைகளைத் தலைச்சுமையாகச் சுமந்துபோய் நடுவில் வட்டமாக அடுக்குவார்கள். மழைக்கு முன்பு அதற்குத் தீ வைத்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகு விதைப்பார்கள். மொட்டையாக நிற்கும் மரங்கள் தம்பாட்டுக்குத் துளிர்த்துக்கொள்ளும். பதினைந்து இருபது வருஷம் கழித்து மறுபடி அதே இடத்துக்கு வந்தால் மறுபடி கழிக்கலாம். சிசாலா அப்படிக் கழித்த பழைய காட்டில்தான் அவருடைய ஒரே மகள் கசூபா, வனத்துறைப் படிப்பு முடித்துவிட்டு வந்து, மரங்களை எடை போடுகிற வேலையில் சேர்ந்தாள்.

மரத்தை எடை போடுவதாவது என்று முதலில் ஊரே சிரித்தது. அவள் அசரவில்லை. ஒரு மரத்தின் காய்ந்த எடையில் பாதி கரி, அந்தக் கரி மரத்துக்குள் இருக்கும்வரை வானத்துக்குப் புகையாகப் போகாது, எவ்வளவு கரி நிற்கிறது என்று எழுதிக் காட்டினால்தான் இந்தக் காடு ஊரின் பெயரிலேயே நிற்கும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். மார்பு உயரத்தில் நாடாவைச் சுற்றி ஒவ்வொரு மரத்தின் பருமனையும் எழுதிக்கொண்டாள். சில மரங்களை வெட்டி, தண்டு, கிளை, இலை என்று பிரித்துத் தராசில் தொங்கவிட்டாள்.

ஒருநாள் மதியம் அப்பாவிடம் வந்து, இந்த மரங்களை எத்தனை தடவை கழித்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். தான் இரண்டு தடவை, தனக்கு முன்னால் தன் தாய்மாமன் ஒரு தடவை என்றார் சிசாலா. அவள் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னதை அவர் மறக்கவேயில்லை.

"அப்படின்னா மேல நிக்கிறது சின்னப் பிள்ளைப்பா. கீழ இருக்கிறதுதான் கிழவன்."

தலையை எத்தனை தடவை கழித்தாலும் வேரை யாரும் தொட்டதில்லை அல்லவா? புத்தக அட்டவணையின்படி இந்த மாதிரிக் காட்டில் மேலே நிற்கிற எடையில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்குதான் வேர். கசூபா மூன்று மரங்களை வேரோடு தோண்டி நிறுத்துப் பார்த்துவிட்டு, கழித்து வளர்ந்த மரங்களில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் வேர் இருக்கிறது என்று அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதினாள்.

அந்த மூன்று வேர்களின் வில்லைகளையும், அதாவது உலரவைத்துச் சோதிக்க அறுத்தெடுத்த துண்டுகளையும், சாக்கில் கட்டிக்கொண்டு பிப்ரவரி மழையில் கசாமா நகருக்குப் போனாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் லாரி கவிழ்ந்தது. ஓடை இரண்டு பக்கமும் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. அவள் உடலை எடுத்தார்கள். வில்லைகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஒன்றே ஒன்று சேற்றில் புதைந்து கிடைத்தது. அதில் அவள் பென்சிலால் எழுதிய எண்ணின் பாதி மட்டும் அழியாமல் இருந்தது. சிசாலா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், தலைநகரிலிருந்து கணக்குகளைச் சரிபார்க்க ஓர் அம்மாள் வந்தார். பெயர் ஹமூங்கா. தெற்குப் பக்கத்து ஆள். குட்டையான உருவம், பெரிய தொப்பி, எதற்கும் அவசரப்படாத கண்கள். கசூபாவோடு வேலை பார்த்த போனிஃபேஸ் என்ற பையன் அவரைச் சிசாலா வீட்டுக்குக் கூட்டிவந்தான். வந்தவர் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, இறந்தவளுக்காக வருத்தம் சொல்லி, பிறகுதான் அறிக்கையை எடுத்தார். கசூபாவின் அந்த வரி மேல் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"உங்க மக எழுதினது தப்புன்னு நான் சொல்லலீங்க. சாட்சி இல்லைன்னு சொல்றேன். சாட்சி இல்லாததை விட்டுவைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

போனிஃபேஸ் வாசலைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான். கசாமா அலுவலகத்தில் டிராக்டரை விட்டு இரண்டு மரங்களைப் பிடுங்கிப் பார்த்தார்களாம். வேர் நூற்றுக்கு முப்பதுதான் வந்ததாம். அதனால் அங்கே ஓர் ஆள், அப்பன் கழித்த காடு என்ற பாசத்தில் அந்தப் பெண் மேசையிலேயே உட்கார்ந்து எண்ணை எழுதிவிட்டாள் என்று பேசுகிறானாம்.

கசூபாவின் அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். எட்டு மாதமாக விருந்தாளி முன்னால் வராதவள். கையில் மகளின் குறிப்பேடு இருந்தது. அதை ஹமூங்காவின் மடியில் வைத்துவிட்டு, என் பொண்ணு உப்புக்கூட அளந்துதான் போடுவா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஹமூங்கா குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். வெயில் சாயும்வரை படித்தார். பிறகு, தன்னிடம் மூன்று நாள் இருக்கிறது, தன் கண் முன்னால் ஒரு மரத்தை வேர் நுனிவரை எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். எந்த மரம் என்பதைத் தானே எடுப்பாராம். அளவை கசூபா எழுதியதோடு ஒத்துவந்தால் அந்த வரி நிற்கும், இல்லாவிட்டால் அழியும்.

போனிஃபேஸின் தொப்பிக்குள் மரங்களின் எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டு, ஹமூங்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். நாற்பத்தொன்று. முத்தொண்டோ மரம். சிசாலாவுக்குச் சீட்டைப் பார்க்காமலே தெரிந்த மரம். கசூபா பிறந்த வருஷம் அவர் இரண்டாம் தடவை கழித்தது.

மறுநாள் விடியற்காலையில் காட்டில் ஆட்கள் கூடினார்கள். வேர் தோண்டப் பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மும்பி. வாய்க்குப் பெயர் போனவள். முன்கோயோ பானம் காய்ச்சுவதற்கான வேரைக் காட்டில் தேடி, மெல்லிய நுனிகூட அறாமல் எடுத்துவருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் சிறுத்தைக் குலம், சிசாலா ஆட்டுக் குலம். சிறுத்தையும் ஆடும் எங்கே எப்போது சந்தித்தாலும் ஒன்றையொன்று வையலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில்கூட அப்படித்தான். கசூபாவின் சடலத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஆட்டுக்குப் பிறந்தவளே, என் சுரைக்குடுக்கையை இரவல் வாங்கிக்கொண்டு திருப்பித் தராமலே போய்ப் படுத்துக்கொண்டாயே என்று மும்பி வைததும், அழுதுகொண்டிருந்த கூட்டமே சிரித்தது. சிசாலாவும் சிரித்தார். அன்றைக்கு அவர் மூச்சு நிற்காமல் இருந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் அவரைக் கசூபா அப்பா என்று கூப்பிடத் தயங்கினார்கள். மும்பி மட்டும் தயங்கவில்லை.

"என்னா கசூபா அப்பா, ஏறுவியா, இல்ல ஏணி கொண்டாரவா?"

மரத்தை அப்படியே சாய்த்தால் கிளை சிதறும், இலை உதிரும், எடை குறையும். மேலேயிருந்து கழித்துக்கொண்டே வருவதுதான் சரி என்று ஹமூங்கா சொல்லியிருந்தார். சிசாலா கோடரியை இடுப்பில் செருகினார். அடிமரத்தைக் கட்டிப்பிடித்து ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு ஏறினார். பாதம் பட்டையைப் பழைய மாதிரியே கண்டுபிடித்துக்கொண்டது. உச்சிக்குப் போய், கவையில் தொடையை இடுக்கிக்கொண்டு, இடது கையால் இரண்டே வெட்டு. கிளை இறங்கியது. கிளை இறங்கும்போது மேலே இருக்கிறவன் தன் பெயரைச் சொல்லிப் பெருமை பேசிக் கூவுவதும், கீழே பெண்கள் பதிலுக்குக் குலவையிடுவதும் வழக்கம். சிசாலா கூவவில்லை. கீழே பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரவர் குலவை அவரவர் நாக்கிலேயே தங்கிவிட்டது.

வெயில் ஏறுவதற்குள் மரம் மொட்டையானது. பிறகு அடித்தண்டையும் சாய்த்தார்கள். இதற்கிடையில் போனிஃபேஸ், தராசு தொங்கவிடக் கழிகள் நடவும் குழி தோண்டவும் இடம் வேண்டும் என்று, பக்கத்தில் நின்ற இரண்டு முத்தொண்டோ மரங்களில் தாழ்ந்திருந்த கிளைகளையும் வெட்டிப் போட்டான். அவன் வலது கைக்காரன். மதியம் ஆண்கள் ஓடைக்குக் குளிக்கப் போனார்கள். ஹமூங்கா போன் சிக்னல் தேடி மேட்டுக்குப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் இடம் அரண்மனை முற்றம் மாதிரி இருந்தது. காத்திருந்த பெண்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தரையில் கிளைகள் இறைந்து கிடந்தால் அந்த ஊரில் எந்தப் பெண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் சுமந்துவந்து, வெட்டுமுனை உள்ளே, இலை வெளியே என்று சக்கரம்போல வட்டமாக, தீ வைக்க வேண்டியதுதான் பாக்கி என்கிற அழகில் அடுக்கிவைத்திருந்தார்கள். மும்பி இடுப்பில் கைவைத்து நின்று, பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹமூங்கா குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதெல்லாம் எந்த மரத்தோடதும்மா?"

"மரத்தோடதுதான்."

"எந்த மரம்?"

மும்பிக்கு அப்போதுதான் உறைத்தது. போனிஃபேஸ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எல்லாம் ஒரே சாதி மரம், ஒரே பச்சை. பக்கத்து மரக் கிளைகளையும் சேர்த்து நிறுத்தால் மேல் எடை கூடும். மேல் எடை கூடினால் வேரின் பங்கு குறையும். இந்த மரம் கெட்டுப்போச்சு என்றார் ஹமூங்கா, கோபமில்லாமல். இன்னொரு சீட்டு எடுத்து, இன்னொரு மரம் கழித்து, அதன் வேரையும் எடுக்க மீதி நாள் போதாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

சிசாலா குவியலின் அருகே போய்க் குந்தினார். ஒரு கிளையை உருவி வெட்டுமுகத்தைப் பார்த்தார். அதை வலது பக்கம் போட்டார். அடுத்ததை உருவினார். அதை இடது பக்கம் போட்டார். என்ன செய்கிறீர்கள் என்று ஹமூங்கா கேட்டார்.

"இது என் வெட்டு. இது அந்தப் பையன் வெட்டு. என் கை இடக்கை, சாய்வு இப்படி விழும். அவன் மூணு நாலு தடவை கொத்தியிருக்கான் பாருங்க. நான் ரெண்டு."

"நீங்க சொன்னா நான் எழுதிக்க முடியாதே ஐயா."

"நான் சொல்ல வேணாம். மரம் சொல்லட்டும்."

சாய்ந்து கிடந்த தண்டில் கிளைகள் இருந்த இடங்களெல்லாம் காயமாகத் தெரிந்தன. சிசாலா ஒரு கிளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு காயத்தில் வைத்தார். உடைந்த சட்டியின் ஓடு சேருகிற மாதிரி பொருந்தியது. பட்டையின் பிசிறுகூடச் சேர்ந்தது. ஹமூங்கா தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு தானே குவியலிலிருந்து இஷ்டத்துக்கு உருவித் தர ஆரம்பித்தார். வேண்டுமென்றே இரண்டு பக்கமும் கலந்து தந்தார். சிசாலா ஒவ்வொன்றின் முகத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தன்னுடையதை நேராகக் கொண்டுபோய் அதனதன் காயத்தில் வைத்தார். மற்றதை உதறினார். பதினாறு கொடுத்ததில் பதினொன்று அவருடையது, பதினொன்றும் பொருந்தின. அதற்குமேல் ஹமூங்கா சோதிக்கவில்லை. தராசைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஆட்டுக்குப் புல்லு தவிர வேற ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றாள் மும்பி. தப்பு தன்னுடையது என்பதை அவள் அப்படித்தான் ஒப்புக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் மேல் எடை முடிந்தது. தண்டு, கிளை, இலை எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ. போனிஃபேஸ் மனக்கணக்குப் போட்டான். புத்தக அட்டவணை சரியென்றால் வேர் எண்பத்தேழு கிலோ இருக்க வேண்டும். கசூபா சொன்னது சரியென்றால் நூற்றுத்தொண்ணூறை ஒட்டி வர வேண்டும். அது எவ்வளவு என்று மும்பி கேட்டாள். எண்பத்தேழு என்றால் ஒரு தடியன் என்றான் அவன்.

"நூத்தித்தொண்ணூறு?"

"ரெண்டு ஆள். அதுக்கு மேலயும் கொஞ்சம்."

"ரெண்டு ஆளும் ஒரு ஆடும்னு சொல்லு" என்று சிசாலாவைப் பார்த்தாள் அவள்.

இரண்டாம் நாள் தோண்டத் தொடங்கினார்கள். மண் செங்கல்லாக இறுகியிருந்தது. சிசாலாதான் முதலில் மண்வெட்டியோடு இறங்கினார். நான்காவது வெட்டிலேயே விரல் தண்டி வேர் ஒன்று அறுந்தது. அறுந்த முனை மண்ணுக்குள் எங்கே போனது என்றே தெரியவில்லை. மும்பி குழிக்குள் குதித்து அவர் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள்.

"வெளிய போ. டிராக்டரும் இதைத்தானே செஞ்சுது? போய்த் தண்ணி கொண்டா."

அப்படியே ஆனது. பெண்கள் தோண்டுகோலும் விரல்களுமாகக் குழிக்குள் இறங்கினார்கள். ஆண்கள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். மண்ணில் ஊற்றி, ஊறவிட்டு, இளகியதை விரலால் வழித்து, வேர் போகும் வழியே போனார்கள். அந்த வழியாகச் சைக்கிளில் போன இருவர் இறங்கி நின்று பார்த்தார்கள். சிசாலா தலையில் தண்ணீர்க் கேனோடு வருவதைக் கண்டு, கல்யாணப்பெண் நன்றாக நடக்கிறாள் என்றார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு நடை நடந்தார். கழுத்து மரத்துப்போனது. மதியம் களியும் காய்ந்த கம்பளிப்புழு வறுவலும் வந்தன, நின்றுகொண்டே தின்றார்.

அன்று மாலை அடிக்கட்டையும் மேல்வேர்களும் தராசில் ஏறின. தொண்ணூற்றெட்டு. அட்டவணையைத் தாண்டியாயிற்று. போனிஃபேஸ் பல்லைக் காட்டிச் சிரித்தான். அலுவலகத்து ஆளின் முகத்தை நினைத்துப் பார்த்திருப்பான். சிசாலா சிரிக்கவில்லை. தொண்ணூற்றெட்டு என்றால் நூற்றுக்கு முப்பத்தொன்று. டிராக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதைத்தான். டிராக்டர் பொய் சொன்னது என்று ஆகவில்லை. கசூபா மெய் சொன்னாள் என்றும் ஆகவில்லை. குழிக்குள் இன்னும் பக்கத்துக்கொன்றாக வேர்கள் போய்க்கொண்டிருந்தன. ஆனால் நடுவேர், நெஞ்சாழத்தில், செம்பாறைப் படுகையில் போய் முட்டி நின்றது. அதோடு முடிந்துவிட்டது போலத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் வடக்கே கருத்திருந்தது. பருவத்தின் முதல் மழை. சேறு அப்பிய வேரை நிறுக்க மாட்டேன், மழை விழுவதற்கு முன் தராசில் ஏறினால்தான் கணக்கு என்று ஹமூங்கா சொல்லிவிட்டார். பக்கவேர்களை எடுத்து முடித்தார்கள். ஒன்று ஒன்பது அடி போனது, இன்னொன்று இருபது அடி. மக்காச்சோளச் சக்கையால் தேய்த்து மண் நீக்கி நிறுத்தார்கள். நூற்று முப்பத்தொன்று.

இன்னும் ஐம்பத்தேழு கிலோ இல்லாமல் கசூபா ஜெயிக்க முடியாது.

மும்பி செம்பாறையின் மேல் குப்புறப் படுத்து, நடுவேர் முட்டிய இடத்தில் ஒரு விரிசலுக்குள் கையை விட்டாள். முழங்கை போனது. தோள் போனது. கன்னம் பாறையில் அழுந்தியது. ஹமூங்கா கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

"நிக்கல" என்றாள் மும்பி. "சுண்டுவிரலா மெலிஞ்சு உள்ள போவுது. அப்புறம்..." கையை இன்னும் நீட்டினாள். "அப்புறம் தொடை மாதிரி இருக்கு."

சிசாலா கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இம்முறை மும்பி அவரைத் துரத்தவில்லை. பாறையை உடைப்பது ஆண் வேலை. எங்கே குத்த வேண்டும், எங்கே குத்தக் கூடாது என்று அவள் விரலால் காட்டக் காட்ட அவர் குத்தினார். விரிசலின் ஓரம் தட்டுத் தட்டாகப் பெயர்ந்தது. பாறைக்கு அடியில், ஈரம் காயாத மஞ்சள் மண்ணில், வேர் விரிந்து கிடந்தது. மேலே கிடைத்ததைவிடத் தடியாக, மூன்று கிளையாக, வெயிலையும் தீயையும் ஒருநாளும் காணாத நிறத்தில். மெலிந்த கழுத்தின் வழியே பாறையைத் தாண்டி, கீழே போய்த் தன் விருப்பத்துக்குப் பெருத்திருந்தது. டிராக்டர் இழுத்தபோது அந்தக் கழுத்தில்தான் அறுந்திருக்கும். மேலே வந்ததை மட்டும் நிறுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் ஏவவில்லை. பெண்கள் வழித்தார்கள், ஆண்கள் மண் அள்ளினார்கள், போனிஃபேஸ் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழியில் கிடந்தான். காற்றில் மழை வாசம் ஏறியது. முதல் கிளை மேலே வந்தது. தேய்த்தார்கள், நிறுத்தார்கள்: நூற்று அறுபத்து மூன்று. இரண்டாவது வந்தது: நூற்று எழுபத்தேழு. மூன்றாவது வளைந்து நெளிந்து உள்ளே போய்க்கொண்டேயிருந்தது. மும்பி அதன் நுனியை, பென்சில் தண்டிக்கு மெலியும்வரை, அறாமல் உருவி எடுத்துத் தோளில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு ஏறினாள். நான்கு பேர் தார்ப்பாயைத் தராசுக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். முள் ஆடி நின்றபோது தார்ப்பாயில் முதல் துளிகள் விழுந்து வெடித்தன.

ஹமூங்கா முள்ளின் நேரே கண்ணைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். எழுதினார். போனிஃபேஸையும் பார்க்கச் சொன்னார். அவனும் பார்த்தான்.

நூற்றுத் தொண்ணூற்று நான்கு. நூற்றுக்கு அறுபத்திரண்டு.

ஹமூங்கா அடிக்கட்டையில் ஒரு வில்லை அறுக்கச் சொன்னார். ரம்பம் முடிந்ததும் அதன் முகத்தைத் தொப்பியால் துடைத்தார். வெள்ளை மரத்துக்குள்ளே பிறை பிறையாகக் கருப்பு வரிகள். கழித்த ஒவ்வொரு தடவையும் குவியலின் தீ சுட்ட தழும்புகள். அதன்மேல் மரம் வளர்ந்து மூடியிருந்தது. விரல் வைத்து எண்ணினார். மூன்று.

"எங்க மாமா ஒண்ணு" என்றார் சிசாலா. "நான் ரெண்டு."

"குறிப்பேட்டுல இதே மூணைத்தான் எழுதியிருக்கா" என்றார் ஹமூங்கா. பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். தார்ப்பாய்க்கு அடியில், மடியில் வைத்து, ரப்பரால் பென்சில் கோட்டை அழித்தார். மெதுவாக, துகளை ஊதி ஊதி, கோடு இருந்த சுவடே இல்லாமல் அழித்தார். உலரவைத்த எடையும் வந்தால்தான் முழுக்கணக்கு, உலர்த்துகிற சூளை வேறு சொன்னால் மறுபடி வருவேன் என்றும் சொன்னார். சூளை வேறு சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்த கடிதத்தில் அறுபத்தொன்று என்றிருந்தது. ஆனால் அன்றைக்கு அங்கே நின்ற யாரும் சூளைக்காகக் காத்திருக்கவில்லை.

மழை கொட்ட ஆரம்பித்தது. சிசாலா குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பையில் கை வைத்துப் பார்த்தார். வில்லை இருந்தது. பிறகு தலையை அண்ணாந்து, உச்சிக்கிளை இறங்கும்போது கூவுகிற அதே கூவலைக் கூவினார். எட்டு மாதமாகக் கூவாத குரல் முதலில் கரகரத்தது. பிறகு காடு முழுக்கப் போனது.

"தலை கழிச்சவன் சிசாலா! வேரைக் கண்டவ கசூபா!"

பெண்கள் குலவையிட்டார்கள். முதல் நாள் வெளியே வராமல் நாக்கில் தங்கிய குலவையையும் சேர்த்து இட்டார்கள். அவர் மறுபடி கூவினார். அவர்கள் மறுபடி இட்டார்கள். மழைக்கு ஒதுங்க யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் தள்ளி, மரத்தடியில், எப்போது வந்தாள் என்று தெரியாமல் கசூபாவின் அம்மா நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுச் சட்டி. அவளும் இட்டாள். எல்லோருடையதையும்விட அவள் குலவைதான் நீளமாகப் போனது.

வேர்களிலும் அறுத்தெடுத்த வில்லைகளையெல்லாம் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றும்போது, தானும் கசாமா வரை வருகிறேன் என்றார் சிசாலா. அந்தச் சாலையில் அவர் பிப்ரவரிக்குப் பிறகு போனதில்லை. ஹமூங்கா முன் இருக்கையை ஒழித்துக் கொடுத்தார். சிசாலா ஏறி உட்கார்ந்து சாக்கை மடியில் வாங்கி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். தலைமுதல் கால்வரை மஞ்சள் சேறாக நின்ற மும்பி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"ஏம்மா, எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?"

எழுதியாயிற்று என்றார் ஹமூங்கா.

"அதோட இதையும் எழுதிக்குங்க. கசூபா அப்பா வீட்ல என் சுரைக்குடுக்கை ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு சொன்ன கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. இது ஒண்ணுதான் பாக்கி."

சிசாலா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த சாக்கு குலுங்கியது. வண்டி புறப்பட்டது. பாலத்துக்கிட்ட மெதுவாப் போ தம்பி என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, அவர் சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.